சி கிரேடு புல்வெட்டி

வீட்டின் பின்பக்கம் முழுவதையும் சிமெண்ட் போட்டு மூடப்போவதாக ஹவுஸ் ஓனர் சொன்னபோது நான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். பின்சந்துப் பக்கம் ஒரு கேட் வைத்து, தெருவில் கார் நிறுத்த இடமில்லாமல் தவிப்பவர்களுக்கு அந்த இடத்தை வாடகைக்கு விடப்போகிறாராம். கொசு வருகிறது, பூச்சி வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைப் பிடுங்கித் தின்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஸ்திரியோடு வந்து அளவெடுப்பார். எங்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை, எப்படியும் அந்தக் கதவை நாங்கள் திறப்பதே இல்லை என்றும் சொன்னார்.

உண்மைதான். குடிவந்த நாளிலிருந்து பின்கதவு பூட்டியே கிடந்தது. அதற்கு அப்பால் இடுப்புக்கு மேல் வளர்ந்த புல், புல்லைப் பிடித்து ஏறிய கொடி, அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத ஒரு பச்சை. நான் பாத்திரம் கழுவும்போது அது ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சிமெண்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் என் பையை யாரோ தோளிலிருந்து உருவிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

"வேண்டாம் சார்" என்றேன். "நானே சுத்தம் பண்ணிடறேன். அந்த இடம் எனக்கு வேணும்."

அவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். யாரைப் பார்த்தாலும் மூக்கின் அகலத்தை அளக்கிற ஒரு பார்வை அவருக்கு உண்டு. அந்தப் பார்வையால் என்னை அளந்துவிட்டுச் சிரித்தார். ஞாயிறு காலை வரும்போது மண் கண்ணுக்குத் தெரிந்தால் யோசிக்கலாம் என்றார். தெரியவே தெரியாது என்ற நிம்மதியோடு படியிறங்கிப் போனார்.

நான் சமையலறையிலேயே நின்றேன். 'எனக்கு வேணும்' என்று கடைசியாக எப்போது சொன்னேன்? வீட்டுக்கு வேணும், கடைக்கு வேணும் என்று தினமும் சொல்கிறேன். எனக்கு என்று சொல்லி நாளாகியிருந்தது. சொன்ன வாய் கொஞ்சம் உலர்ந்திருந்தது, தப்புச் செய்துவிட்ட பெண்ணுக்கு உலர்கிற மாதிரி. ஆனால் மனம் குதித்தது.

திரைச்சீலை தைக்கும் கடையில் எனக்கு வேலை. காலையிலிருந்து மாலைவரை என் உலகம் ஊசிக்கு முன்னால் இருக்கும் இரண்டு விரல் அகலத் துணி. அடுத்தவர் ஜன்னல்களை மூடுவதற்காக மைல் கணக்கில் நேராகத் தையல் ஓட்டியிருக்கிறேன். கையை முழுசாக நீட்டிச் செய்கிற வேலை ஒன்றுகூட என் நாளில் இல்லை. அந்தப் பச்சைக்குள் நின்று இரண்டு கையையும் வீசி எதையாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்குள் எவ்வளவு காலமாக உட்கார்ந்திருந்தது என்று தெரியவில்லை. சிமெண்ட் வந்து தட்டியதும் எழுந்து நின்றுவிட்டது.

புல் வெட்டுகிற ஆள் அடுத்த மாதம்தான் வர முடியும் என்றுவிட்டார். கடன் வாங்கிய அரிவாளோடு ஒரு மாலை உள்ளே இறங்கிப் பார்த்தேன். பாய் விரிக்கிற அளவு இடம்கூடச் சுத்தமாகவில்லை, மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். மெஷின் இல்லாமல் ஆகாது. புது மெஷின் விலையைப் போனில் பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் போய்விட்டேன். அப்படி அலைந்தபோதுதான் அந்தத் தளம் கண்ணில் பட்டது. வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய தோட்டக் கருவிகளைப் பிரித்து, பழுது பார்த்து, ஓட்டிப் பார்த்து மறுபடி விற்கிறார்கள். வேலி கத்தரிப்பது, இலை ஊதுவது, மரக்கிளை அறுப்பது என்று பக்கம் பக்கமாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் தரம் போட்டிருந்தார்கள். ஏ என்றால் புதுசு மாதிரி. பி என்றால் சில கீறல்கள். சி என்றால், 'நன்றாக ஓடும், பார்க்க நன்றாக இருக்காது.'

அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பதைத் தாண்டிய எந்தப் பெண்ணுக்கும் அது தன்னைப் பற்றியே எழுதின மாதிரி தெரியும்.

புல்வெட்டி சி கிரேடில் ஒன்றே ஒன்று இருந்தது. ஆரஞ்சு நிற எஞ்சின், நீளமான தண்டு, நுனியில் சுழலும் தலை. அந்தத் தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நைலான் நரம்புதான் புல்லை வெட்டும். எஞ்சின் மூடியில் ஒரு பெரிய கீறல், பூனை பிறாண்டின மாதிரி.

என் கணவர் மருந்துக்கடையில் இருக்கிறார். சீல் பிரிந்த டப்பாவை உலகத்திலேயே பெரிய ஆபத்தாக நினைப்பவர். ஒருத்தன் வேண்டாமென்று திருப்பிக் கொடுத்ததை எதற்காகக் காசு கொடுத்து வாங்குகிறாய், அதில் ஏதோ இருக்கப்போய்த்தானே அவன் திருப்பினான் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் கடைக்குத் திரைச்சீலைகள் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் தையலில் ஒரு குறையும் இருக்காது. ஜன்னலைத் தப்பாக அளந்திருப்பார்கள், அல்லது வீட்டில் வேறு யாருக்கோ அந்த நிறம் பிடித்திருக்காது. திரும்பி வந்ததெல்லாம் கெட்டது என்று நினைத்தால் எங்கள் கடையை என்றைக்கோ மூடியிருக்க வேண்டும். இதை நான் சொன்னபோது அவர் காதில் வாங்காத மாதிரி செய்தித்தாளைத் திருப்பினார்.

எனக்குப் பக்கபலமாக வந்தது என் நாத்தனார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள் என்பதால் வீட்டில் அவளுக்கு 'ஊசி' என்றுதான் பெயர். முதல் கல்யாணம் முறிந்து எங்களோடு இருக்கிறாள். இப்போது மறுமணத்துக்காக ஒரு கல்யாணத் தளத்தில் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் தோளுக்கு மேலே எட்டிப் போனைப் பார்த்தாள்.

"இந்த சைட்டே தேவல அண்ணி. நான் பாக்கற சைட்டுல ஒருத்தனும் சி கிரேடுன்னு போட்டுக்கறதில்ல. எல்லாரும் ஏ. நேர்ல போய்ப் பாத்தா ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்கறாங்க."

அவள் அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்ததை நாங்கள் இருவரும் கேட்டோம். அந்தச் சிரிப்பு மறைவதற்குள் நான் வாங்கும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல நான் சமீபத்தில் வாழ்ந்ததில்லை. தையல் மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, ஒரு தையல் முடியும்போதெல்லாம் பார்ப்பேன். கிடங்கிலிருந்து கிளம்பிவிட்டது. வழியில் இருக்கிறது. பக்கத்து ஊர் மையத்துக்கு வந்துவிட்டது. எனக்காக ஒன்று சாலையில் வந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பில் மெஷினை வேகமாக மிதித்தேன். யார் அது, புதுசா, என்று துணி வெட்டுகிற அக்கா கிண்டல் செய்தாள். ஆரஞ்சு கலரு, நல்ல உயரம், முகத்தில் மட்டும் ஒரு கீறல் என்று சொல்லி அவள் வாயைப் பிளக்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை பெட்டி வந்தது. வாசலில் அது என் உயரத்துக்கு நின்றது. பிரிக்கும்போது பழைய பெட்ரோலும் புதிய கிரீஸும் கலந்த ஒரு வாசனை எழுந்தது. கைப்பிடியின் ரப்பர் ஓரிடத்தில் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. முன்னால் வைத்திருந்தவரின் கட்டைவிரல் இருந்த இடம். என் கட்டைவிரலை அங்கே வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

சுழலும் தலைக்குள் ஒரு உருளை. நரம்பை அதில் நாமே சுற்றிக்கொள்ள வேண்டும். ஓடும்போது நரம்பின் நுனி தேய்ந்துபோனால், தலையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், உள்ளேயிருந்து புது நரம்பு வெளியே வரும். ஊசி செய்முறைத் தாளை உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். உருளையைப் பற்றிய பகுதி வந்ததும் நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"போதும் போதும். பாபின் சுத்த எனக்கே சொல்லித் தரானா?"

தையல் மெஷினுக்குள் நூல் போடும் பாபினும் இப்படி ஒரு உருளைதான், தினமும் எத்தனையோ சுற்றுகிறவள் நான். கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவேன். அப்படித்தான் சுற்றினேன். இழைமேல் இழை ஏறாமல், இழுவிசை மாறாமல், பக்கத்துக்குப் பக்கம் படிந்து அது ஒரு நகை மாதிரி வந்தது. ஊசி தடவிப் பார்த்துவிட்டு, கடையில் வைத்து விற்கலாம் என்றாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் வீட்டுக்கு வந்து, பழைய பேன்ட்டும் கணவரின் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். ஊசி தன் ஆய்வகத்திலிருந்து முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் கவசம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். பெட்ரோலில் எஞ்சின் எண்ணெயைக் கலக்க வேண்டிய கட்டம் வந்தது. நான் குத்துமதிப்பாக ஊற்றப் போனேன். அதுவரை கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்ற என் கணவரால் அதைத் தாங்க முடியவில்லை. தள்ளு தள்ளு என்று வந்து, இருமல் மருந்துக்குக் கொடுக்கும் அளவுக் குப்பியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, சொட்டுச் சொட்டாக அளந்து கலந்து கொடுத்தார்.

பின்கதவு முனகிக்கொண்டு திறந்தது. மெஷினைத் தோளில் மாட்டி, சோக்கை இழுத்து, கயிற்றைப் பிடித்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. இன்னொரு இழுப்பு. ஒரு இருமல். அடுத்த இழுப்பில் அது அலறிக்கொண்டு எழுந்தது. அந்த நடுக்கம் உள்ளங்கை வழியாக ஏறித் தோள், பல், மார்பு என்று பரவியது. என் முகம் கவசத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்ததை என்னால் நிறுத்த முடியவில்லை. மெஷினின் தலையைப் புல்லுக்குள் வீசினேன். புல் தலைவணங்கி விழுந்தது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். பச்சைச் சாறு கவசத்தில் தெறித்தது. வாசனை நெஞ்சை நிரப்பியது. ஒரு வீச்சுக்குப் பின்னால் ஈரமான, கறுத்த, நிஜமான மண்.

நான் கத்தினேன் என்று ஊசி பிறகு சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

அந்த ஆனந்தம் சமையலறை ஜன்னலைத் தாண்டுவதற்குள் நின்றது. நரம்பு தேய்ந்துபோய், மெஷின் சும்மா சுற்றியது. தரையில் தட்டினேன். வரவில்லை. பலமாகத் தட்டினேன். வரவில்லை. மெஷினை அணைத்து, கதவருகே இருந்த படிக்கட்டுக்குத் தூக்கி வந்து, தலையைத் திறந்து, கையால் நரம்பை இழுத்துவிட்டு, திரும்பப் போய் வெட்டினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. மறுபடி படிக்கட்டு. மறுபடி புல். அந்த மாலை முழுவதும் வெட்டியதைவிட நடந்ததுதான் அதிகம். வெட்ட வெட்ட நடை நீண்டது. வீட்டைப் பார்த்து வரும்போது கால் தானாக வந்தது. மதிலைப் பார்த்துப் போகும்போது கெண்டைக்கால் கெஞ்சியது. அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் மங்கியபோது பாதி இடம்கூட முடியவில்லை.

கணவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் தேவலை. மெதுவாக, ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாமாமே, பெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். முதலில் வாங்கியவரும் இதே இடத்தில்தான் பெட்டியைத் தேடியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. திருப்பி அனுப்பிவிட்டால் எல்லாம் எவ்வளவு சுலபம். நான் கேட்கவே இல்லை, ஓனர் சொல்லவே இல்லை, பின்கதவு பூட்டியே இருந்தது என்று ஆகிவிடும். அந்தச் சுலபத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். வேண்டும் என்று சொன்ன பெண்ணை மறுபடி பெட்டியில் போட்டு ஒட்டுகிற மாதிரி இருந்தது.

விளக்கடியில் உருளையைக் கையில் வைத்துப் புரட்டினேன். சுற்று அவ்வளவு அழகாக இருந்தது. தப்பு அதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே மாட்டேன் என்றது. ஊசிதான் உருளையின் விளிம்பைக் காட்டினாள். பிளாஸ்டிக்கிலேயே ஒரு சின்ன அம்புக்குறி வார்த்திருந்தது.

"அண்ணி, இது இந்தப் பக்கம் போகுது. நீங்க சுத்தினது அந்தப் பக்கம்."

நான் என் தையல் மெஷினின் பாபினைச் சுற்றுகிற திசையில் சுற்றியிருக்கிறேன். அதாவது, என் கை சுற்றியிருக்கிறது, என்னைக் கேட்காமலே. தலை சுழலச் சுழல, நரம்பு வெளியே தளர்வதற்குப் பதிலாக உள்ளுக்குள்ளே இறுகியிருக்கிறது. நன்றாகத் தெரிந்த வேலை என்பதால்தான் நான் பார்க்கவே இல்லை. வெட்கத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக வந்தது. மெஷினில் ஒன்றுமில்லை. குறை என்னிடம்தான். என்னிடம் என்றால் என்னால் சரிசெய்ய முடியும்.

எல்லாவற்றையும் பிரித்து எதிர்த் திசையில் சுற்றத் தொடங்கினேன். அது எவ்வளவு கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. ஊசி ஒரு முனையை இழுத்துப் பிடித்திருந்தாள். நாலு சுற்றுப் போனதும் என் கை சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும். பிரித்து மறுபடி. வேலை கற்றுக்கொள்ள வந்த முதல் நாள் போல் நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். இழை இழைமேல் ஏறியது. பார்க்க அசிங்கமாக இருந்தது. ஊசி அதற்கு சி கிரேடு கொடுத்தாள்.

ஞாயிறு விடிந்ததும் மெஷினை ஓட்டி, தலையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். சொர்ரென்று நரம்பு வெளியே வந்தது. அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. காலைப் பனியில் நனைந்த புல் கனமாக விழுந்தது. கொடிகள் மதிலிலிருந்து பிரிந்து வந்தன. உடைந்த பூந்தொட்டி ஒன்றும், யாரோ எறிந்த பந்துகளும் வெளியே வந்தன. ஊசி குப்பைவாரியால் இழுத்து இழுத்து ஓரத்தில் குவித்தாள். அவள் அண்ணன் கோணிப்பையில் அடைத்தார். ஓனரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது மதில் ஓரத்து மூலை ஒன்று மட்டும்தான் பாக்கி.

ஓனர் பின்கதவில் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். உண்மையாகவே பாராட்டினார். பிறகு மேஸ்திரியைப் பார்த்து, இடம் சுத்தமாகிவிட்டதால் வேலை பாதியாகக் குறைந்தது, கூலியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

நான் கவசத்தை முகத்திலிருந்து தூக்கினேன்.

"யோசிக்கறேன்னு சொன்னீங்களே சார்."

"யோசிச்சுட்டுத்தாம்மா சொல்றேன். இவ்வளவு நல்ல இடத்தைப் புல்லுக்கு விடலாமா?"

நானே கசாப்புக்காரனுக்குக் கத்தி தீட்டிக் கொடுத்திருக்கிறேன். மேஸ்திரி டேப்பை எடுத்து, ஒரு முனையை மதிலில் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே நீட்டினார். தோளில் மெஷினோடு, கையில் டேப் முனையோடு நடந்தேன். கோபத்தில் நடந்ததால் வேகமாகத்தான் நடந்தேன். அப்படியும் கெண்டைக்கால் கெஞ்சியது. நேற்று மாலை கெஞ்சிய அதே இடம். நேற்று அலுப்பு. இன்றைக்கு எனக்கு அலுப்பே இல்லையே. நின்று திரும்பி வீட்டைப் பார்த்தேன். நேற்று எத்தனை தடவை போய் வந்தேன், ஒரு தடவைகூட இந்தப் பக்கம் சுலபமாக இருந்ததில்லை. மண்ணுக்கு மேலே நின்றிருந்த புல் எல்லாவற்றையும் ஒரே மட்டமாகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சரியா, தப்பா என்று எனக்கே தெரியாது. கால் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பேசுவதற்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பேசினேன். இங்கே நடக்கும்போது ஏறுகிற மாதிரி இருக்கிறது, அளப்பதற்கு முன்னால் மட்டம் பாருங்கள் என்றேன். மேஸ்திரி ஓனரைப் பார்த்தார். பார்த்தால்தான் என்ன என்று ஓனர் தோளைக் குலுக்கினார்.

மேஸ்திரி பையிலிருந்து நீளமான ட்யூபை எடுத்துத் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை நான் மதிலோடு பிடித்தேன், மறுமுனையை அவர் சமையலறைக் கதவோடு. ட்யூபுக்குள் தண்ணீர் மேலும் கீழுமாக ஆடியது. அசையாதீர்கள் என்றார். நான் மூச்சையே விடவில்லை. அந்தத் தண்ணீரைப் பார்த்தது போல வேறு எதையும் நான் உற்றுப் பார்த்ததில்லை. ஆட்டம் சிறிதாகி, இன்னும் சிறிதாகி, நின்றது. என் பக்கம் முழங்காலுக்குக் கீழே நின்றது. அவர் பக்கம் இடுப்பருகே நின்றது.

மேஸ்திரி கதவில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுச் சிரித்தார்.

"சார், அன்னைக்கு போன்ல போட்டோ காட்டினீங்க, புல்லுதான் தெரிஞ்சுது. இது மொத்தமும் வீட்டைப் பாத்து சரியுது. இப்படியே மூடினா மொத மழைக்கே தண்ணி அடுப்படியில நிக்கும். இப்ப மண்ணு குடிச்சுக்குது, அதனால தப்பிக்கறீங்க."

அப்படியானால் வடிகால் வைக்கலாமே என்றார் ஓனர். வைக்கலாம், பக்கத்து வீட்டு இடம் வழியாகத்தான் வெட்ட வேண்டும் என்றார் மேஸ்திரி. ஓனர் பக்கத்து வீட்டு மதிலை நெடுநேரம் பார்த்தார். கொசுவுக்காகத் தினமும் போன் செய்து திட்டுகிறவர்களிடம் சாக்கடைக்கு வழி கேட்டு நிற்கும் காட்சி அவர் முகத்தில் ஓடியது.

"சரிம்மா. மண்ணு தெரியுதுன்னு ஒத்துக்கறேன். நீங்களே வச்சுக்குங்க." கதவு வரை போய்விட்டுத் திரும்பினார். "மறுபடியும் காடாச்சுன்னா?"

"ஆகாது சார்."

அவர்கள் போன பிறகு என் கணவர் மிச்சமிருந்த பெட்ரோலுக்கு மறுபடி எண்ணெய் அளந்துகொண்டிருந்தார், யாரும் கேட்காமலே. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பாதத்துக்கு அடியிலிருந்து மண்ணின் வெதுவெதுப்பு ஏறிக்கொண்டிருந்தது. இது என்னுடையது என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். யாரும் மறுக்கவில்லை.

ஊசி கவசத்தைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, அந்த மூலையையாவது எனக்குக் குடுங்க. நேத்துலேருந்து வாரிக்கிட்டே இருக்கேன்."

நியாயமாகத்தான் கேட்டாள். அம்புக்குறியைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். கொடுக்கத்தான் நினைத்தேன். ஆனால் கை மெஷினின் தோள் வாரைக் கழற்றுவதற்குப் பதிலாக இறுக்கிக் கட்டியது.

"இரு, ஒரே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் எழுந்தது. அவள் என்னவோ திட்டினாள். கேட்கவில்லை என்று காதைக் காட்டிவிட்டு மூலையை நோக்கி ஏறினேன்.